மறைத்தலும் வெளிப்படுத்தலும்: போக்கர் கணிதத்தின் வழி போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலம்

ஆய்வுச் சுருக்கம்

ஆட்டக் கோட்பாடு என்னும் கணிதத் துறை போக்கர் சீட்டாட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு வளர்ந்தது. தன் கையில் உள்ளதை மறைப்பதால் ஓர் ஆட்டக்காரர் எவ்வளவு பயன் பெறுகிறார் என்பதை அக்கணிதம் துல்லியமாக அளந்து காட்டுகிறது. அதே கணிதத்தை ஏலத்திற்குப் பொருத்தும்போது, விற்பவரைப் பொறுத்தவரை விடை நேர்மாறாக அமைகிறது: சரக்கைப் பற்றிய உண்மையை வெளிப்படுத்துவதே அவருக்கு நன்மை தருகிறது. இந்த வேறுபாட்டைக் கம்பம் பள்ளத்தாக்கின் வாழ்வோடு இணைந்த ஏலக்காய் ஏலத்தைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. ஏலம் கேட்போரின் எண்ணிக்கை, சரக்குமாதிரியின் நம்பகத்தன்மை, கேட்போரிடையே உடன்பாடு என்னும் மூன்று காரணிகள் விளைவிப்போரின் வருவாயை எவ்வாறு பாதிக்கின்றன என்பது எளிய கணக்குகளின் வழி எடுத்துக்காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஆட்டக் கோட்பாடு, போக்கர், ஏலக் கோட்பாடு, ஏலக்காய், போடிநாயக்கனூர், சிண்டிகேட், வென்றவர் சாபம்.

முன்னுரை

தமிழில் ‘ஏலம்’ என்னும் சொல் இரு பொருள் தரும். ஒன்று நறுமணப் பொருளாகிய ஏலம். மற்றொன்று போட்டி விலை கேட்டு விற்கும் முறை. இரண்டும் வேர் ஒன்றல்ல. விற்பனை முறையைக் குறிக்கும் சொல் ‘லெய்லாவ்’ என்னும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. வெவ்வேறு வழியில் வந்து சேர்ந்த இவ்விரு சொற்களும் நாள்தோறும் ஒன்றாய் ஒலிக்கும் ஊர் தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர்.

ஏலத்தோட்டங்களின் பெரும்பகுதி மலைமேல், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ளது. ஆயினும் அத்தோட்டங்களின் உழைப்பிலும் வணிகத்திலும் மலையடிவார ஊர்களுக்குப் பெரும் பங்குண்டு. கம்பம், கூடலூர், தேவாரம் முதலிய ஊர்களிலிருந்து தொழிலாளர்கள் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழிகளில் ஜீப்புகளில் ஏறித் தோட்ட வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். மலையில் விளைந்து உலர்ந்த காய் போடிநாயக்கனூரிலும் இடுக்கி மாவட்டத்துப் புத்தடியிலும் ஏலத்திற்கு வருகிறது. எனவே ஏல அறையில் முடிவாகும் விலை தோட்ட உரிமையாளரின் வருவாயோடு நில்லாமல், பள்ளத்தாக்கில் வேலை கிடைக்கும் நாட்களையும் கடைவீதியின் புழக்கத்தையும் பாதிக்கிறது.

இவ்விலை எவ்வாறு உருவாகிறது? ‘வரத்து கூடினால் விலை குறையும், தேவை கூடினால் விலை ஏறும்’ என்பது சரியான விடையே. ஆனால் முழுமையான விடையன்று. ஒரே நாளில், ஒரே தரத்துக் காய்க்கு, அறையில் எத்தனை பேர் உண்மையாகப் போட்டியிட்டனர், அவர்கள் எதை அறிந்திருந்தனர் என்பதைப் பொறுத்தும் விலை மாறும். ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியாத நிலையில் முடிவெடுக்கும் இச்சூழலே ஆட்டக் கோட்பாட்டின் களம். அக்களத்தின் தொடக்கப் பாடம் போக்கர்.

1. போக்கரும் ஆட்டக் கோட்பாட்டின் தோற்றமும்

சதுரங்கத்தில் காய்கள் அனைத்தும் இருவர் கண்முன்னும் உள்ளன. போக்கரில் அவ்வாறில்லை, ஒவ்வொருவரும் தம் சீட்டை மட்டுமே அறிவர். எமில் போரல் 1920களில் இத்தகைய ஆட்டங்களைக் கணிதமாக ஆராய்ந்தார். 1928ஆம் ஆண்டு ஜான் வான் நியூமன், ஒருவர் பெறுவதே மற்றவர் இழப்பதாக அமையும் இருவர் ஆட்டம் ஒவ்வொன்றிலும் சிறந்த உத்தி உண்டு என்பதை நிறுவினார். அவரும் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னும் இணைந்து 1944ஆம் ஆண்டு வெளியிட்ட பெருநூலில் போக்கர் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. ஜான் நாஷ் 1950ஆம் ஆண்டளவில் பலர் பங்குபெறும் ஆட்டங்களுக்குச் சமநிலைக் கருத்தை விரித்தார். ஜான் ஹர்சானி 1967-68இல், பிறர் அறிந்தது எதுவெனத் தெரியாத நிலையில் ஆடப்படும் ஆட்டங்களுக்கு முறையான வடிவம் தந்தார். நாஷ், ஹர்சானி, ரைன்ஹார்ட் செல்டன் ஆகிய மூவரும் 1994இல் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

போக்கரின் மையக் கணிதத்தை ஒரு சிறு கணக்கு விளக்கும். மேசை நடுவில் ஏற்கெனவே 100 ரூபாய் சேர்ந்துள்ளது. முதலாமவர் கையில் மிக வலிய சீட்டு இருக்கலாம் அல்லது ஒன்றுக்கும் உதவாத சீட்டு இருக்கலாம். இரண்டிற்கும் வாய்ப்பு சமம். இரண்டாமவரின் சீட்டு நடுத்தரமானது. முதலாமவர் மேலும் 100 ரூபாய் பந்தயம் கட்டலாம் அல்லது கட்டாதிருக்கலாம். கட்டினால், இரண்டாமவர் 100 ரூபாய் கொடுத்துச் சீட்டைக் காட்டச் சொல்லலாம் அல்லது விலகலாம்.

முதலாமவர் வலிய சீட்டு உள்ளபோது மட்டும் பந்தயம் கட்டுபவர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாமவர் இதை விரைவில் கண்டுகொண்டு, பந்தயம் வரும்போதெல்லாம் விலகுவார். முதலாமவருக்குப் பாதி வேளைகளில் 100 ரூபாய், சராசரி 50. அவர் எப்போதும் பந்தயம் கட்டுபவர் என்றால், இரண்டாமவர் எப்போதும் காட்டச் சொல்வார். வலிய சீட்டில் 200 ரூபாய் வரவு, மெலிந்த சீட்டில் 100 ரூபாய் இழப்பு. சராசரி மீண்டும் 50.

இவ்விரண்டிற்கும் இடையில் ஒரு வழி உண்டு. வலிய சீட்டில் எப்போதும் கட்டி, மெலிந்த சீட்டில் பாதி வேளைகளில் மட்டும் கட்டுவது அது. அப்போது வரும் மூன்று பந்தயங்களில் சராசரியாக ஒன்று பொய்யானது. காட்டச் சொல்லும் இரண்டாமவர் மூன்றில் ஒரு முறை 200 ரூபாய் பெறுகிறார். மூன்றில் இரு முறை 100 ரூபாய் இழக்கிறார். வரவும் இழப்பும் சமம்; காட்டச் சொன்னாலும் விலகினாலும் அவருக்கு ஒன்றே. அவர் தம் பங்குக்குப் பாதி வேளைகளில் காட்டச் சொன்னால், முதலாமவரின் பொய்ப் பந்தயமும் வரவு இழப்பு இன்றி முடிகிறது. இதுவே சமநிலை. இதில் முதலாமவருக்கு வலிய சீட்டில் சராசரி 150, மெலிந்த சீட்டில் சுழியம். மொத்தத்தில் சராசரி 75 ரூபாய்.

சீட்டுகள் அனைத்தும் திறந்து வைக்கப்பட்டிருந்தால் முதலாமவருக்கு 50 ரூபாய்தான் கிடைத்திருக்கும். ஆகவே இவ்வாட்டத்தில் மறைத்தலின் மதிப்பு 25 ரூபாய். ஆட்டக்காரர்கள் ‘பிளஃப்’ எனக் கூறும் பொய்ப் பந்தயம் துணிச்சலையோ முகபாவத்தையோ சார்ந்ததன்று. அளவறிந்து கலக்கவேண்டிய கணித விகிதம். பொய் குறைந்தால் உண்மைக்கு விலை கிடைக்காது. பொய் மிகுந்தால் பொய்க்கே விலை கொடுக்க நேரும்.

இவ்வடிப்படையை வளர்த்தே கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல், பந்தயத் தொகை வரையறுக்கப்பட்ட இருவர் போக்கர் ஆட்டத்திற்கு நடைமுறையில் முழுத் தீர்வு கண்டதாக அறிவித்தனர். 2019இல் ‘புளூரிபஸ்’ என்னும் கணினி நிரல் அறுவர் ஆட்டத்தில் தேர்ந்த ஆட்டக்காரர்களை வென்றது.

2. ஏலம் என்னும் ஆட்டம்

நறுமணப்பொருள் வாரியம் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. ஏலக்காய் விற்பனைக்கான 1987ஆம் ஆண்டு விதிகளின்படி ஏலம் நடத்துவோரும் வாங்கும் வணிகர்களும் அதனிடம் உரிமம் பெறவேண்டும். முன்னர் வாய்மொழியாகக் கேட்கப்பட்ட ஏலம் 2007இல் மின்னணு ஏலமாக மாறியது. விளைவிப்போர் கொண்டுவரும் காய் ‘லாட்’ எனப்படும் தனித்தனிக் குவியல்களாகப் பதிவாகிறது. ஒவ்வொரு லாட்டின் மாதிரியும் வணிகர் கைக்கு வருகிறது. அவர்கள் காயின் நிறம், பருமன், எடை, முதிர்ச்சி, வெடிப்பு ஆகியவற்றைப் பார்த்து மதிப்பிட்டு, தத்தம் கணினி முன் அமர்ந்து விலை கேட்கின்றனர். விலை படிப்படியாக ஏறி, இறுதியாகக் கேட்டவருக்கு லாட் முடிவாகிறது.

போக்கரைப் போலவே இங்கும் ஒவ்வொருவரும் தமக்கு மட்டும் தெரிந்த ஒன்றை வைத்திருக்கின்றனர். வட இந்தியச் சந்தையிலிருந்து எவ்வளவு கேட்பு வந்துள்ளது, ஏற்றுமதிக்கு எந்தத் தரம் தேவை, கிடங்கில் எவ்வளவு இருப்பு உள்ளது என்பவை அந்தந்த வணிகரின் கைச்சீட்டுகள்.

ஏறுமுக ஏலத்தில் வணிகரின் சிறந்த உத்தி எது என்பதை வில்லியம் விக்ரி 1961ஆம் ஆண்டுக் கட்டுரையில் தெளிவுபடுத்தினார். ஒரு கிலோ தமக்கு 1400 ரூபாய் பெறும் என்று கருதும் வணிகர், விலை 1400ஐத் தொடும்வரை போட்டியில் இருப்பதும் தொட்டவுடன் விலகுவதுமே சரி. முன்னதாக விலகினால் ஆதாயம் கைநழுவும். கடந்தும் கேட்டால் இழப்பு வரும். மற்றவர் என்ன செய்தாலும் இது மாறாது. இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை பிறக்கிறது: விலையை உறுதி செய்பவர் வென்றவர் அல்லர், கடைசியாக விலகிய இரண்டாமவரே. ஒரு வணிகர் 1600 ரூபாய் தரத் தயாராக இருந்தாலும், அடுத்தவர் 1250இல் விலகிவிட்டால் ஏலம் அதையொட்டியே முடியும்.

3. எண்ணிக்கையின் வலிமை

இரண்டாவது மதிப்பே விலை என்றால், கேட்போர் எண்ணிக்கை கூடக் கூட அவ்விரண்டாவது மதிப்பு உயரும். ஒவ்வொரு வணிகரின் மதிப்பீடும் 1000 முதல் 1600 ரூபாய் வரை சம வாய்ப்புடன், ஒன்றையொன்று சாராமல் அமைவதாக எடுத்துக்கொள்வோம். இவ்வெண்கள் விளக்கத்திற்காக மட்டுமே. சந்தைத் தரவுகள் அல்ல. அப்போது எதிர்பார்க்கத்தக்க சராசரி விலை பின்வருமாறு:

இருவர் கேட்டால் 1200 ரூபாய்
மூவர் கேட்டால் 1300 ரூபாய்
ஐவர் கேட்டால் 1400 ரூபாய்
பதின்மர் கேட்டால் 1491 ரூபாய்
இருபதின்மர் கேட்டால் 1543 ரூபாய்

முதல் சில வணிகர்கள் சேரும்போது ஏற்றம் மிகுதி, பின்னர் குறைகிறது. இரண்டு மூன்றாகும்போது 100 ரூபாய் கூடுகிறது. பத்து இருபதாகும்போது 52 ரூபாய்தான்.

விற்பவர் தம் பக்கம் ஒரு குறைந்தபட்ச விலையை நிறுத்திக்கொண்டால் இதைவிட நன்மை பெறமுடியாதா என்னும் கேள்வி எழும். மேற்கண்ட எடுத்துக்காட்டில், விற்காமல் போனால் காயின் மதிப்பு விற்பவருக்கு 1000 ரூபாய் என்று கொள்வோம். இருவர் மட்டுமே கேட்கும் ஏலத்தில் அவர் வைக்கத்தக்க மிகச் சிறந்த குறைந்தபட்ச விலை 1300. இருவருமே அதற்குக் கீழ் மதிப்பிட்டிருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு; அப்போது லாட் விற்காமல் நிற்கும். அவ்விழப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால் விற்பவரின் சராசரி 1200இலிருந்து 1250ஆக உயர்கிறது. குறைந்தபட்ச விலை ஏதும் வைக்காமல் மூன்றாவது வணிகர் ஒருவரை அழைத்துவந்தாலோ சராசரி 1300.

ஜெரமி புலோ, பால் கிளெம்பரர் ஆகியோர் 1996இல் இதைப் பொதுத் தேற்றமாகவே நிறுவினர். சில பொதுவான நிபந்தனைகளின் கீழ், எவ்வளவு நுட்பமான பேர உத்தியைக் காட்டிலும் கூடுதலாக ஓர் உண்மைப் போட்டியாளர் இருப்பது விற்பவருக்கு அதிக நன்மை தரும் என்பது அதன் சாரம். விளைவிப்போர் அமைப்புகளுக்கு இத்தேற்றம் தரும் செய்தி தெளிவானது. விலையை உயர்த்திக் கேட்பதில் செலவிடும் ஆற்றலின் ஒரு பகுதியை, புதிய வணிகர் ஏலத்தில் நுழைவதற்கான தடைகளைக் குறைப்பதில் செலவிடுதல் தகும்.

2021 ஜனவரியில் நறுமணப்பொருள் வாரியம் போடிநாயக்கனூர், புத்தடி ஆகிய இரு மையங்களிலும் இருக்கும் வணிகர்கள் ஒரே ஏலத்தில் ஒரே வேளையில் பங்குபெறும் வகையில் மேகக் கணினி வழி ஏலத்தைத் தொடங்கிவைத்தது. மலைப்பாதையில் ஏறி இறங்கும் செலவும் நேரமும் ஒருவகை நுழைவுத் தடையே. அதை நீக்குவது போட்டியாளர் எண்ணிக்கையைக் கூட்டும் செயல் என்பதால், மேற்கண்ட தேற்றம் சுட்டும் திசையிலேயே இம்மாற்றம் அமைகிறது.

4. மாதிரியும் வென்றவர் சாபமும்

மேலே கூறியது வணிகருக்கு வணிகர் மதிப்பு வேறுபடும் நிலை. ஆனால் ஏலக்காயின் மதிப்பில் ஒரு பகுதி அனைவருக்கும் பொதுவானது. மூட்டையில் உள்ள காயின் உண்மையான தரம் ஒன்றே. அதை அவரவர் மாதிரியைப் பார்த்துக் கணிக்கின்றனர். கணிப்பில் பிழை நேரும். பிழைகள் சராசரியில் சுழியமாக இருந்தாலும், வெல்பவர் சராசரி வணிகர் அல்லர். மிக உயர்வாகக் கணித்தவர். அதாவது மிகைக் கணிப்பில் முதலிடம் பெற்றவரிடமே லாட் போய்ச் சேர வாய்ப்பு மிகுதி. மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் வயல்களை ஏலம் எடுத்த நிறுவனங்கள் எதிர்பார்த்த ஆதாயம் பெறாமைக்குக் காரணம் தேடிய மூன்று பொறியாளர்கள் 1971இல் இதை விளக்கினர். இதுவே ‘வென்றவர் சாபம்’ எனப்படுகிறது.

ஐந்து வணிகர்கள் உள்ளனர். ஒவ்வொருவர் கணிப்பும் உண்மை மதிப்புக்கு மேலோ கீழோ 150 ரூபாய் வரை பிழைபடலாம் என்க. அவற்றுள் மிக உயர்ந்த கணிப்பு சராசரியாக 100 ரூபாய் மிகையாக இருக்கும். பட்டறிவுள்ள வணிகர் இதை அறிவார். ஆகவே தம் கணிப்பிலிருந்து ஒரு தொகையைக் கழித்துக்கொண்டே கேட்பார். மாதிரி நம்பகமானதாகி, பிழை 75 ரூபாய்க்குள் அடங்கினால் மிகை 50 ரூபாயாகக் குறையும். கழிவும் அதற்கேற்பக் குறையும். அந்தக் கழிவு விளைவிப்பவரின் பையிலிருந்தே போகிறது என்பதால், நம்பகமான மாதிரியால் விலை உயர்கிறது.

பால் மில்க்ரமும் ராபர்ட் வெபரும் 1982இல் இதைப் பொதுமைப்படுத்தினர். சரக்கைப் பற்றித் தாம் அறிந்ததை நல்லதாயினும் தீயதாயினும் எப்போதும் வெளிப்படுத்தும் கொள்கையே விற்பவரின் சராசரி வருவாயை உயர்த்தும் என்பது அவர்கள் கண்ட முடிவு. பிறர் எந்த விலையில் விலகுகின்றனர் என்பதைக் காணமுடிவதால், திறந்த ஏறுமுக ஏலமும் வணிகரின் அச்சத்தைக் குறைக்கிறது என்று அவர்கள் காட்டினர். ஏலக் கோட்பாட்டை வளர்த்ததற்காக மில்க்ரமுக்கும் அவருடைய ஆசிரியர் ராபர்ட் வில்சனுக்கும் 2020ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இங்கேதான் போக்கரும் ஏலமும் பிரிகின்றன. போக்கரில் மறைத்தவருக்கு 25 ரூபாய் ஆதாயம் கிடைத்தது. எதிரில் இருப்பவர் ஒருவரே. அவர் ஐயத்தினால் எடுக்கும் தவறான முடிவு மறைத்தவருக்கு வரவாகிறது. ஏலத்தில் எதிரில் இருப்போர் பலர். அவர்களின் ஐயம் விற்பவருக்கு வரவாவதில்லை. ஒவ்வொருவரும் முன்னெச்சரிக்கையாகக் கேட்பைக் குறைத்துக்கொள்ள, அக்குறைவு விற்பவர் மேலேயே விழுகிறது. ஐயம் நீங்கும்போதோ, வணிகரிடையே நிலவும் போட்டி அதன் நன்மையை விற்பவரிடம் கொண்டு சேர்க்கிறது.

மூட்டையின் மேலே பருத்த காயையும் அடியில் சுருங்கிய காயையும் வைக்கும் தந்திரம் போக்கர் மேசையின் அறிவை ஏல அறைக்குக் கொண்டுவருவதாகும். ஒரு லாட்டில் அது பலிக்கலாம். ஆனால் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் விளக்கியவாறு, தரம் அறியமுடியாத சந்தையில் நல்ல சரக்குக்கும் சராசரிச் சரக்கின் விலையே கிடைக்கும். ஒருவரின் தந்திரத்திற்கான விலையை நேர்மையாகப் பதப்படுத்திய பக்கத்துத் தோட்டக்காரர் செலுத்துகிறார்.

5. சிண்டிகேட்: மறைந்திருக்கும் எண்ணிக்கை

எண்ணிக்கையே வலிமை என்றால், அந்த எண்ணிக்கை உண்மையானதாக இருக்கவேண்டும். பத்துப் பேர் அமர்ந்துள்ள அறையில் எட்டுப் பேர் தமக்குள் உடன்பட்டு, தம்முள் மிக உயர்வாக மதிப்பிட்டவர் மட்டும் கேட்பது என்று முடிவு செய்தால் என்ன நேரும்? முன் கூறிய அதே எண்களைக் கொண்டு கணக்கிட்டால், சராசரி விலை 1491இலிருந்து 1389ஆகக் குறைகிறது. கிலோவிற்கு 102 ரூபாய் இழப்பு. ஐந்து பேர் உண்மையாகப் போட்டியிடும் ஏலத்தின் விலையான 1400ஐவிடவும் இது குறைவு. அறையில் பத்து இருக்கைகள் நிரம்பியிருக்கின்றன. கணிதமோ ஐவருக்கும் குறைவானவரையே காண்கிறது.

போடிநாயக்கனூரில் அத்தகைய உடன்பாடு நிலவுகிறது என்று இங்குக் கூறப்படவில்லை. எந்த ஏலத்திலும் அது எந்நிலையில் நிலைபெறும் என்பதே கேள்வி. உடன்பாட்டிலிருந்து ஒருவர் விலகித் தனியே கேட்டால் அன்று பெரும் ஆதாயம் பெறலாம். ஆனால் மறுநாள் முதல் மற்றவர்கள் அவரை ஒதுக்குவர். விலகுவதால் ஒரு முறை 5 லட்சம் கிடைக்கும், உடன்பாட்டில் நீடித்தால் ஏலம்தோறும் 1 லட்சம் கிடைக்கும் எனின், ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் ஏலத்தில் பலர் விலகவே விரும்புவர். வாரத்தில் பல நாட்கள் அதே வணிகர்கள் அதே அறையில் சந்திக்கும் ஏலத்தில், ஓரிரு வாரங்களிலேயே விலகலின் இழப்பு ஆதாயத்தை விஞ்சிவிடும். அடிக்கடி நடைபெறும் ஏலம் விளைவிப்போருக்கு வசதியானது. ஆயினும் அதே காரணத்தால் உடன்பாட்டுக்கும் இடம் தருவது.

யார் விலகினார் என்பதை மற்றவர் அறிந்தால்தான் அவரை ஒதுக்கமுடியும். ஆகவே கேட்பவரின் அடையாளம் ஏலத்தின்போது பிற வணிகருக்குத் தெரியாதிருத்தல் உடன்பாட்டின் அடித்தளத்தை அசைக்கும். வெளிப்படைத்தன்மை என்பதைப் பொதுவான நற்பண்பாகக் கொள்வது போதாது என்பதை இது காட்டுகிறது. சரக்கைப் பற்றிய செய்தி வெளிப்படவேண்டும். கேட்பவரைப் பற்றிய செய்தி ஏலம் முடியும்வரை மறைந்திருக்கவேண்டும். கண்காணிக்கும் அமைப்புக்கு மட்டும் இரண்டும் தெரிந்திருக்கவேண்டும்.

வரத்து அளவிலும் போக்கர் போன்ற பொய்க்குறி இயலும். ஒரு முறை வாங்கிய காயையே மீண்டும் ஏலத்தில் பதிவு செய்வதாக விளைவிப்போர் தரப்பில் குறை கூறப்பட்டதுண்டு. அவ்வாறு நிகழுமாயின், வரத்து உண்மையைவிட மிகுந்து தோன்றும். அதைக் காணும் பிற வணிகர்கள் விலை இறங்கும் என எதிர்பார்த்துக் கேட்பைக் குறைப்பர். கையில் இல்லாத வலிமையைப் பந்தயத்தால் காட்டும் செயலுக்கும் இதற்கும் கணித அமைப்பில் வேறுபாடில்லை. லாட்டின் மூலத்தைப் பதிவு செய்து சரிபார்ப்பதே அதற்குரிய மாற்று.

6. உச்ச விலையும் சராசரி விலையும்

ஒவ்வோர் ஏலத்திற்குப் பின்னும் லாட்டுகளின் எண்ணிக்கை, வந்த அளவு, விற்ற அளவு, உச்ச விலை, சராசரி விலை ஆகியவற்றை நறுமணப்பொருள் வாரியம் வெளியிடுகிறது. இவற்றுள் மக்கள் வாயில் நிலைப்பது உச்ச விலையே. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ 7000 ரூபாய் எட்டியது பெருஞ்செய்தியானது. அன்றைய சராசரி அதைவிட வெகுவாகக் குறைவு என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

ஒரு நாளில் 300 கிலோ 1200 ரூபாய்க்கும், 200 கிலோ 1300 ரூபாய்க்கும், 20 கிலோ மட்டும் 1900 ரூபாய்க்கும் விற்றதாகக் கொள்வோம். உச்ச விலை 1900. எடைவழிச் சராசரி ஏறத்தாழ 1265. உச்ச விலை என்பது நூற்றுக்கணக்கான லாட்டுகளுள் ஒன்றின் நிகழ்வு. லாட்டுகள் பெருகப் பெருக, சந்தையில் எந்த மாற்றமும் இல்லாமலேயே அது உயரும் இயல்புடையது. உச்ச விலையை நம்பிக் காயை இருப்பு வைப்பவரும், அதை நம்பித் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுப்பவரும் ஒரு நல்ல சீட்டைக் கண்டு முழு ஆட்டத்தையும் கணிப்பவரைப் போன்றவர். வந்த அளவுக்கும் விற்ற அளவுக்கும் இடையிலான வேறுபாடும் சராசரியின் போக்குமே முடிவெடுக்க உதவுவன. சராசரியும் தரவாரியாகப் பிரித்து வெளியிடப்பட்டால், தம் காய்க்கு உரிய விலை எது என்பதைச் சிறு விளைவிப்பாளரும் அறிவார். அறை முழுவதும் சீட்டை மறைத்து ஆடுகையில் தம் சீட்டையே அறியாமல் அமர்ந்திருக்கும் நிலை அவருக்கு நீங்கும்.

முடிவுரை

போக்கர் கணிதம் கற்பிக்கும் பாடத்தை ‘மறைத்தால் ஆதாயம்’ என்று சுருக்கிக்கொள்வது பிழை. யார் எதை அறிந்தால் யாருக்கு நன்மை என்பதை ஆட்டத்தின் அமைப்பே தீர்மானிக்கிறது என்பதே அதன் பாடம். இருவர் எதிரெதிர் நிற்கும் ஆட்டத்தில் மறைத்தல் செல்வம். பலர் போட்டியிட்டு வாங்கும் ஏலத்தில் விற்பவருக்கு வெளிப்படுத்தலே செல்வம். அதே ஏலத்தில் வாங்குவோர் ஒருவரையொருவர் முழுமையாக அறிந்திருப்பது விற்பவருக்கு இழப்பாக முடியலாம்.

இக்கோணத்தில் போடிநாயக்கனூர் ஏலம் ஒரு சிறந்த ஆய்வுக்களம். நாள்தோறும் வெளியாகும் விலைத் தரவுகளைக் கொண்டு, 2021இன் மாற்றத்திற்கு முன்னும் பின்னும் உச்ச விலைக்கும் சராசரிக்கும் உள்ள இடைவெளி, விற்காமல் நின்ற அளவு ஆகியவை எவ்வாறு மாறின என்பதை ஆராயலாம். வரத்து, பருவம், குவாத்தமாலா நாட்டு ஏலக்காயின் போட்டி ஆகியவற்றின் விளைவைப் பிரித்தெடுத்தல் அதில் முதன்மையான முறையியல் சவால். தேனி மாவட்டக் கல்லூரிகளின் கணிதம், பொருளியல், வணிகவியல் துறைகள் இணைந்து மேற்கொள்ளத்தக்க பணி இது. அதன் முடிவுகள் தமிழில் வெளிவருமாயின், ஏல அறைக்கு வெளியே நின்று விலையை மட்டும் கேட்டறிந்து திரும்பும் விளைவிப்போர் அவ்விலை உருவான முறையையும் அறிந்து கேள்வி எழுப்ப இயலும்.